கல்லூரிப் பிள்ளைகளும் பொது நீதியும்

"கல்லூரிக்குப் போன பிள்ளை பாடத்தை மட்டும் பார்க்கட்டும், ஊர் விவகாரம் அவனுக்கெதற்கு?" என்பது நம்மில் பலருடைய எண்ணம். வியாபாரிகளாகிய நாம், ஒரு கடையில் நடந்த சரித்திரத்தைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்றோர் ஊர். அங்கிருந்த ஊல்வொர்த் கடையில் கறுப்பின மக்கள் சாமான் வாங்கலாம். ஆனால் அதே கடையின் சாப்பாட்டு மேசையில் உட்காரலாகாது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி, முதலாண்டு மாணவர் நால்வர் அங்கே சென்றனர். முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்திக்கொண்டனர். பிறகு அம்மேசையில் அமர்ந்து காப்பி கேட்டனர், மறுக்கப்பட்டது. அங்கே செல்லுபடியான காசு இங்கே ஏன் செல்லாது என்பதே அவர்களுடைய வாதம். கையை ஓங்காமல், கடை அடைக்கும்வரை அமைதியாக அமர்ந்திருந்தனர்.

மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தனர். பென்னெட் கல்லூரி மாணவியரும் சேர்ந்தனர். சில நாட்களில் கூட்டம் நூற்றுக்கணக்காயிற்று. பிற ஊர்களுக்கும் பரவிற்று. வியாபாரம் படுத்தது. ஜூலை 25ஆம் தேதி கடை இணங்கியது. அன்று முதலில் அமர்ந்து சாப்பிட்டவர்கள், அக்கடையிலேயே ஊழியம் செய்த கறுப்பினத்தவர்கள்! 1964ஆம் ஆண்டின் சட்டம் உணவுக்கடைகளில் இப்பாகுபாட்டை நாடெங்கும் தடை செய்தது.

இதில் நாம் கற்கவேண்டியவை மூன்று. ஒன்று, ரசீதைக் காட்டி நியாயம் கேட்டமை. ஆதாரமில்லாத கூச்சல் நிற்காது. இரண்டு, ஏறத்தாழ ஆறு மாதப் பொறுமை. மூன்று, மாணவர் கேட்ட நியாயத்தின் பலன் முதலில் ஊழியரைச் சேர்ந்தமை.

மலேசியாவில் 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் விண்ணப்பம் இல்லாமலே வாக்காளராகின்றனர். ஆகவே நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும்போதே நாட்டுப் பொறுப்பும் அவர்கள் தோளில் ஏறிவிடுகிறது. அதற்குப் பழக்குவது நம் கடமை. மகனையும் மகளையும் சங்கக் கூட்டத்திற்கு அழைத்து வருவோம். முதியோருக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொல்வோம். விடுமுறையில் கடைக்கு வரும் பிள்ளை, "நம் வேலையாட்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள்?" என்று கேட்டால் சினங்கொள்ள வேண்டாம். கணக்கைப் போலவே அதற்கும் சரியாகப் பதில் சொல்வோம். நம் கல்லாவின் முன்னே நியாயம் கேட்கப் பழகாத பிள்ளை, நாட்டின் முன்னே எவ்வாறு கேட்கும்?