மலையின் வேர்

நுழையும்முன்

தொலைவில் உள்ள விண்மீனைக் கண்ணால் காண்கிறோம். காலடியில் உள்ளதைக் காண இயலவில்லை. ஒளி வெட்டவெளியைக் கடந்து வரும். பாறையைக் கடந்து வாராது. நிலவுக்குச் சென்று மீண்ட மனிதர், தாம் நிற்கும் புவியின் மேலோட்டை இன்னும் முழுதாகத் துளைத்துக் கடந்ததில்லை. எனினும், அதன் அடியில் இருப்பதை அறிந்திருக்கிறோம். அவ்வறிவு கிடைத்த வழியை இப்பாடம் விளக்குகிறது.

மெல்லிய ஓடு

புவியின் ஆரம் ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர். மேலோடு, கவசம், கருவம் என அதன் உள்ளமைப்பு மூவகைப்படும். இவற்றுள் மேலோடே மிக மெல்லியது. கோழிமுட்டைக்கு அதன் ஓடு எவ்வளவு தடிப்போ, விகிதத்தில் அதனினும் மெல்லியது.

கண்டங்களைத் தாங்கும் மேலோடு பெரும்பாலும் 30 முதல் 50 கிலோமீட்டர் தடிப்புடையது. கிரானைட் போன்ற இலேசான பாறைகள் அதில் மிகுதி. கடலடி மேலோடு 5 முதல் 10 கிலோமீட்டர் தடிப்பே உடையது. அடர்த்தி மிகுந்த பசால்ட் பாறையால் ஆனது. மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன். 28 விழுக்காடு சிலிக்கான். நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியே கல்லினுள் பாதியளவாகப் பிணைந்து கிடக்கிறது என்பது வியப்பன்றோ!

நடுக்கம் காட்டிய எல்லை

1909ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், இன்றைய குரோவேசியாவின் சாக்ரெப் நகருக்கு அருகே நிலம் நடுங்கியது. அந்நடுக்கத்தின் பதிவுகளை ஆந்திரியா மோஹோரோவிசிக் என்னும் அறிஞர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தொலைவில் உள்ள நிலையங்களுக்கு, ஆழத்தில் சென்று திரும்பிய அலைகள் மேற்பரப்பை ஒட்டி வந்தவற்றை முந்தி வந்திருந்தன. நீண்ட பயணத்தில், சுற்றிச் சென்றாலும் நெடுஞ்சாலை வழியே விரைபவர் முன்னதாகச் சேர்வதைப் போன்றது இது. ஆழத்தில் அலையின் விரைவு திடீரெனக் கூடுகிறது எனின், அங்குப் பாறையின் தன்மையே மாறுகிறது என அவர் உணர்ந்தார். மேலோட்டையும் கவசத்தையும் பிரிக்கும் அவ்விடம் இன்று ‘மோஹோ எல்லை’ எனப்படுகிறது.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, மேலோட்டைப் பற்றிய மற்றோர் உண்மை இந்திய மண்ணில் வெளிப்பட்டது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்குத் தொடங்கிய நில அளவைப் பணி ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது.

காலியானா, காலியான்பூர் என்னும் இரு நிலையங்களின் இடைவெளியை, நிலத்தை அளந்தும் விண்மீன்களை நோக்கியும் கணித்தனர். இரு விடைகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 விகலை வேறுபாடு இருந்தது. ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. அருகில் உள்ள இமயம் தூக்குக்குண்டைத் தன்பால் ஈர்த்ததால் இவ்வேறுபாடு நேர்ந்ததா என ஆராய்ந்த பிராட், அவ்வாறாயின் வேறுபாடு 15 விகலைக்கும் மேல் இருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார். அவ்வளவு பெரிய மலை ஏன் குறைவாக ஈர்த்தது?

1855இல் ஜார்ஜ் ஏரி விடை கூறினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் பருத்தது மேலே உயர்ந்தும், கீழே ஆழ்ந்தும் நிற்கும். அதுபோல் மலைக்கும் அடியில் இலேசான பாறையாலான வேர் உண்டு. கனத்த பாறை இருக்கவேண்டிய இடத்தை இவ்வேர் நிரப்பியிருப்பதால் ஈர்ப்புக் குறைகிறது. கவசம் திண்மமே; எனினும் நெடுங்கால அழுத்தத்தில் மெல்லக் குழைந்து நகரும். அதன்மீது மேலோடு மிதக்கிறது. இமயம், திபெத்துப் பகுதிகளில் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரை தடித்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

எட்டாத ஆழம், எட்டிய பாறை

உருசியாவின் கோலா தீவக்குறையில் 1970இல் தொடங்கிய ஆழ்துளை, 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கு வெப்பம் எதிர்பார்த்ததைவிட மிகுந்து ஏறத்தாழ 180 பாகை செல்சியசாக இருந்தது. அதற்கு மேல் துளைக்க இயலவில்லை. கண்ட மேலோட்டின் மூன்றில் ஒரு பங்கே கடக்கப்பட்டிருந்தது.

கருவியால் எட்ட இயலாத ஆழத்தை இயற்கை நமக்கு வெளியே எடுத்து வைத்திருக்கிறது. பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோகைட் என்னும் பாறையாலானவை. அதிலுள்ள கனிமங்கள் மிகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் தோன்றுபவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டர் அல்லது அதனினும் ஆழத்தில் உருவான பாறை அது. சரக்கை இறக்க இறக்கத் தோணி மேலெழும். அவ்வாறே, மழையும் காற்றும் மேற்பாறையை அரிக்க அரிக்க, அடியிலிருந்த பாறை மேலெழுந்தது.

மலைக்கு வேருண்டு என்னும் உண்மைக்கு வழிவகுத்த அளவை எங்குத் தொடங்கியதோ, அங்கேயே மேலோட்டின் அடியாழம் வெயிலில் கிடந்தது. அளந்தவர் அதனை அறிந்திலர். நாம் அறிவோம். அக்குன்றுகளைச் சல்லிக்காக உடைக்கும்போது, மீண்டும் எழுத இயலாத ஓர் ஆவணத்தை அழிக்கிறோம் என்பதையும் அறிதல் வேண்டும்.

தெரியுமா?

கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இப்பாறையாலானது. அதனால் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலறிஞர் இதற்குச் ‘சார்னோகைட்’ எனப் பெயரிட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள குன்று அல்லது பாறையின் நிறம், மணியமைப்பு ஆகியவற்றை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. ‘காணாததைக் கணக்கால் காணலாம்’ என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாற்றுக.