கலை வட்டத்தில் கால் ஊன்ற: சென்னையின் இளம் டிசைனருக்கு ஒரு வழிகாட்டி

டிசைன், ஓவியம், இசைத் துறைகளில் புதியவருக்குக் கிடைக்கக்கூடிய சின்ன வேலைகளில் பல விளம்பரமாக வெளிவருவதே இல்லை. ஒரு பதிப்பாளருக்கு அட்டைப்படம் வேண்டும். ஒரு இசைக் குழுவுக்கு போஸ்டர் வேண்டும். நாடகக் குழுவுக்கு மேடைப் பின்னணி வேண்டும். “தெரிஞ்ச பசங்க யாராவது இருக்காங்களா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். போர்ட்ஃபோலியோவைத் திறந்து பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தருமபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, வேளச்சேரியில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கி, ஏஜென்சியில் லோகோ போட்டுக்கொண்டிருப்பவருக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் சிபாரிசுக்குச் சொந்தக்காரர் இல்லாதவரும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளலாம். சென்னையின் கலை இடங்கள் பலவற்றில் நுழையக் காசு வேண்டாம், அழைப்பிதழும் வேண்டாம். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று பார்ப்போம்.

மூன்று இடம் போதும்

எல்லா நிகழ்ச்சிக்கும் ஓடுபவரின் முகம் யாருக்கும் பதியாது. ஓராண்டுக்கு மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்கள் தொழிலைச் சேர்ந்தது, ஒன்று பக்கத்துத் துறை, ஒன்று வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் உங்களுக்குப் பிடித்தது.

புத்தக வடிவமைப்பில் ஆசை உள்ளவர் திருவான்மியூரில் தாரா புக்ஸ் நடத்தும் புக் பில்டிங்குக்குப் போகலாம். 1994-இல் கீதா உல்ஃப் தொடங்கிய பதிப்பகம் இது. கையால் செய்த தாளில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு, கையாலேயே தைத்த புத்தகங்களுக்காக உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஒரு பக்கத்தில் நான்கு நிறம் இருந்தால் அந்தத் தாள் நான்கு முறை ஸ்கிரீனுக்கு அடியில் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறிய விளிம்பு தெரியும். திரையில் லேயர் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பாடம்.

பக்கத்துத் துறைக்கு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி இருக்கிறது. அங்கே கேலரி மட்டுமல்ல, கலைஞர்கள் வேலை செய்யும் ஸ்டுடியோக்களும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் மாக்ஸ் முல்லர் பவன் இரண்டிலும் படமும் இசையும் கண்காட்சியும் நடக்கும். 1850-இல் தொடங்கிய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி வைத்தால் தவறவிடாதீர்கள். உங்கள் வயதுக்காரர்களை அங்கேதான் பார்க்க முடியும்.

மூன்றாவது உங்கள் விருப்பம். பறை வகுப்பாக இருக்கலாம், ஞாயிறு காலையில் கூடி வரையும் ஸ்கெட்ச் குழுவாக இருக்கலாம். வேலை கேட்க வேண்டிய அவசியமே இல்லாத இடம் ஒன்று வேண்டும். மனம் தெம்பாக இருக்க அதுதான் வழி.

திறப்பு விழாவைவிட மூன்றாம் நாள் மேல்

கண்காட்சித் திறப்பு விழா மாலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, தேநீர், போட்டோ. ஓவியரைச் சுற்றி அவருடைய ஆசிரியர்களும் பழைய நண்பர்களும் நிற்பார்கள். புதியவர் சுவரோரமாக நின்றுவிட்டுத் திரும்புவார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூடம் காலியாக இருக்கும். வருகைப் பதிவேடு வைத்த மேசைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஓவியரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு படத்தைப் பற்றிக் கேளுங்கள்: “இந்தக் கோட்டை எதால போட்டீங்க சார்?” அவர் எழுந்து வந்து காட்டுவார். அரை மணி நேரம் பேசுவார். பதிவேட்டில் “அருமை” என்று எழுதாமல், உங்களைப் பிடித்து நிறுத்திய படம் எது, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். கண்காட்சி முடிந்த பிறகு அந்த நோட்டைக் கவனமாகப் படிக்கும் கலைஞர்கள் உண்டு.

ஆங்கிலம் வராதே என்ற பயம் வேண்டாம். சென்னையில் வரைபவர்களிலும் வாசிப்பவர்களிலும் எத்தனையோ பேர் தமிழில்தான் யோசிக்கிறார்கள். தமிழிலேயே தொடங்குங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் சார், மேடம் போதும். பிடித்துப்போனால் “அண்ணான்னே கூப்பிடு” என்று அவரே சொல்வார். இரண்டு நாள் கழித்து, பேசியதை நினைவுபடுத்தி ஒரு சின்ன மெசேஜ் அனுப்புங்கள். அதோடு உங்கள் பிடிஎஃப்பை இணைக்காதீர்கள். அவர் கேட்கட்டும்.

கையில் ஒரு வேலையோடு நில்லுங்கள்

கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பேச்சைவிட வேலை எளிது. ஏழு மணிக் கச்சேரிக்கு நான்கு மணிக்கே சவுண்ட் செக் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வயர் சுற்றவும், புரொஜெக்டர் சரிபார்க்கவும், நாற்காலி போடவும் ஆள் தேவைப்படும். நான்கு மணிக்கு வந்தவருக்கு எல்லோரும் பழக்கமாவார்கள். ஏழு மணிக்கு வந்தவருக்கு மேடை மட்டுமே தெரியும்.

டிசைனர் கொடுக்கக்கூடிய சிறந்த கை போஸ்டர்தான். எத்தனையோ நிகழ்ச்சி போஸ்டர்களில் படம் அழகாக இருக்கும். தேதியைத் தேட வேண்டியிருக்கும். யார், என்ன, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, கட்டணம் உண்டா என்ற ஆறும் கைப்பேசியில் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350 பிக்சலில் ஒன்று, வாட்ஸ்அப்புக்கு எடை குறைந்த ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் அடுத்த முறையும் உங்களைத்தான் தேடுவார்கள். தமிழ் எழுத்தை ஓரத்தில் ஒட்டிவிடாமல் அதற்குரிய இடம் கொடுங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், எக் டைப்பின் பலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது புதிய வழி அல்ல. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுத்து வடிவங்களும் கோட்டோவியங்களும் வரைந்தார். எழுத்தாளர்களோடு நெருங்கிப் பழகியவர் அவர். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அவருடைய கோடுகளும் கூடவே வாசகர்களின் வீட்டுக்குப் போயின. கேலரிக்கு வராதவர்களிடமும் ஓர் ஓவியரின் கை போய்ச் சேர்ந்தது.

இலவசம் எதுவரை?

எல்லோரும் சம்பளமில்லாமல் உழைக்கும் நிகழ்ச்சிக்கு நீங்களும் இலவசமாகச் செய்யலாம்; பெயர் போட வேண்டும், அவ்வளவே. ஆனால் சவுண்டுக்காரருக்கும் ஜெனரேட்டருக்கும் பணம் போகிறது என்றால் டிசைனருக்கும் போக வேண்டும். “பட்ஜெட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை டிசைன், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி, பாதி முன்பணம் என்று நான்கு வரி எழுதி அனுப்பி, “ஓகே” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான் இந்த நான்கு வரியும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றே அது கொள்ளப்படும். மாதச் சம்பளத்தில் இருப்பவர் அலுவலக வேலையாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்குத்தான் சொந்தம். வெளி வேலை எடுக்கலாமா என்று நியமனக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும், பாடல் உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவது நல்லது.

மார்கழியும் ஜனவரியும்

ஆண்டு முழுக்கப் பழகுவதை இந்த இரண்டு மாதம் வேகப்படுத்தும். 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி எழுந்த யோசனையில் 1928-இல் உருவானது மியூசிக் அகாடமி. அதையும் மற்ற சபாக்களையும் சுற்றி டிசம்பரில் நகரமே பாடும். மாலைக் கச்சேரி டிக்கெட் கிடைக்காவிட்டால் கவலையில்லை. பகல் நேரக் கச்சேரிகள் பல இலவசம். இளையவர்கள் பாடுவதும் அப்போதுதான். கூட்டம் குறைவாக இருக்கும், கச்சேரி முடிந்ததும் கேன்டீனில் பேச முடியும். அவர்களுக்கும் அறிவிப்பு அட்டை, வீடியோ முகப்பு எல்லாம் தேவைப்படுகிறது.

சபாவுக்குள் ஒட்டவில்லை என்று தோன்றினால் வேறு வாசல்களும் உண்டு. 2015-இல் மீனவர் குடியிருப்பில் தொடங்கியது ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. 2020 முதல் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்தத் தொடங்கியது. கானாவும் பறையும் ஒப்பாரியும் அங்கே மேடை ஏறின. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. இத்தனை இசையும் சேர்ந்ததுதான் இந்த நகரம். அதில் உங்களுக்கும் இடம் உண்டு.

ஜனவரியில் புத்தகக் காட்சி. வார நாள் மதியம் போனால் பதிப்பாளர்கள் அரங்கில் ஓய்வாக இருப்பார்கள். பிடித்த அட்டையைக் கண்டால் உள்ளே திருப்பி, வடிவமைத்தவர் பெயர் என்ன என்று பாருங்கள். குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் துறையின் விலாசப் புத்தகம்.

மாலைக்கும் ஒரு கணக்கு

வாரத்துக்கு இரண்டு மாலை போதும். அதற்கு மேல் போனால் காலை வேலை கெடும். மெட்ரோ இரவு பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும். திரும்பும் வழியை முன்பே முடிவுசெய்யுங்கள், இரண்டு பேராகப் போங்கள். குடித்தால்தான் வட்டத்தில் சேர்ப்பார்கள் என்பது பொய். “பார்ட்டிக்கு வா, அங்கே வேலையைப் பேசலாம்” என்பவரிடம், “நாளைக்குப் பகல்ல பேசலாம்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான வேலை என்றால் மறுநாளும் இருக்கும். பெண்கள் இதைச் சொல்லத் தயங்கவே கூடாது. கூட இருக்கும் ஆண்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

சம வயதுக்காரர்களைச் சேருங்கள்

பெரிய பெயர்களைத் துரத்துவதில் காலத்தைச் செலவழிக்காதீர்கள். 1966-இல் கவின்கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்ந்துகொண்டே ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். தென்னிந்திய நவீனக் கலையின் முக்கியமான பெயர்கள் பல அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. அவர்களைத் தாங்கியது பக்கத்து வீட்டில் வரைந்துகொண்டிருந்த நண்பர்தான்.

உங்களுக்கும் அப்படி நான்கைந்து பேர் தேவை: ஒரு போட்டோகிராஃபர், ஒரு பாடகர், ஒரு எழுத்தாளர், ஒரு அனிமேட்டர். மாதம் ஒரு நாள் கூடி, பாதியில் நிற்கும் வேலைகளை ஒருவருக்கொருவர் காட்டுங்கள். உங்களால் முடியாத வேலை வந்தால் இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள். இந்த வாரமே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போகும்போது, கேலரிப் படியை இதுவரை மிதிக்காத ஜூனியர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். முதல் தடவை வாசலைத் தாண்டத்தான் துணை வேண்டும். அடுத்த தடவை அவரே தனியாகப் போய்க்கொள்வார்.