மேலெழுதலும் மறைத்தலும்

ஜாவா மொழியைப் புதிதாய்ப் பயிலத் தொடங்கும் நம் மாணாக்கர் பலர் ஓரிடத்தில் தவறாது மயங்குகின்றனர். தாய் இனக்குழுவிலுள்ள ஒரு செயற்கூற்றின் பெயரையே சேய் இனக்குழுவிலும் இட்டெழுதினால், விளைவது ஓவர்ரைடிங் எனப்படும் மேலெழுதலா, ஹைடிங் எனப்படும் மறைத்தலா என்பதே அம்மயக்கம். எழுதும் முறையில் இரண்டிற்கும் 'ஸ்டாட்டிக்' என்னும் ஒரு சொல்லளவே வேற்றுமை. பயனிலோ அவை மிகவும் வேறானவை. பிழையென்று எவ்வறிவிப்பும் வாராமலே விடை மாறிப்போகும்.

இராயப்பேட்டை மணிக்கூண்டை நாம் அறிவோம். அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடிகாரம் என்பது தாய். மணிக்கூண்டு அதன் சேய். கடிகாரத்தில் 'அறிவி' என்னும் செயற்கூறு முள்ளைக் காட்டி நேரம் உணர்த்துகிறது. மணிக்கூண்டின் 'அறிவி' மணியடித்து உணர்த்துவதாக வைத்துக்கொள்வோம். இவையன்றி, 'இனப்பெயர்' என்னும் ஸ்டாட்டிக் செயற்கூறும் இரண்டிலும் உண்டு. ஒன்று 'கடிகாரம்' என்றும், மற்றது 'மணிக்கூண்டு' என்றும் விடை தரும்.

இனி, கடிகாரம் என்னும் வகையினதாகக் குறிக்கப்பெற்ற 'க' என்ற மாறியில் மணிக்கூண்டுப் பொருளொன்றை இடுகிறோம். க-வின் வழியாக 'அறிவி' என்பதை அழைத்தால் மணி அடிக்கும். ஏனெனில், நிரல் ஓடும்போது அங்கே உண்மையில் இருக்கும் பொருள் யாதென்று பார்த்தே ஜாவா முடிவு செய்கிறது. இது மேலெழுதல். அதே க-வின் வழியாக 'இனப்பெயர்' என்பதை அழைத்தாலோ, 'கடிகாரம்' என்றே விடை வரும்! ஸ்டாட்டிக் செயற்கூறு பொருளுக்கு உரியதன்று, இனக்குழுவிற்கே உரியது. ஆதலின் கம்பைலர், மாறிக்குக் குறித்த வகையை மட்டும் நோக்கி, நிரல் ஓடுமுன்னரே முடிவு கட்டிவிடுகிறது. இது மறைத்தல். ஒரே பெயருடைய தரவு மாறிகளும் இவ்வாறே மறைக்கப்படுகின்றன. ஸ்டாட்டிக் செயற்கூற்றை இனக்குழுவின் பெயரிட்டே அழைப்போர்க்கு இத்தொல்லை இல்லை.

மேலெழுதல் என்ற சொல்லும் சிறிது ஏமாற்றுவதே. தாயின் செயற்கூறு அழிந்துபோவதில்லை. சேயின் உள்ளிருந்து 'சூப்பர்' என்று சொல்லி அதனை அழைக்கலாம்.

இவ்வேற்பாடு ஜாவாவில் பிறந்ததன்று. நார்வே நாட்டு டால், நைகார்ட் என்னும் அறிஞர் இருவர் வகுத்த சிமுலா 67 மொழியிலேயே 'வர்ச்சுவல்' என்று குறித்த செயற்கூறுகள் இருந்தன. சி++ மொழியிலும் தாயில் அச்சொல்லை இட்டாலன்றி மேலெழுதல் நிகழாது. 1995-இல் வெளிவந்த ஜாவா, ஸ்டாட்டிக் அல்லாத சாதாரணச் செயற்கூறுகளுக்கு மேலெழுதலையே இயல்பாக்கிற்று. சி++ கற்றுப் பின் ஜாவாவிற்கு வருவோர் இடறுவது இதனாலேயே.

நாம் ஒருமுறை பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம். மாணவர் பட்டியலில் ஒரு மாணவர் உளரா என்று தேடும் நிரல் ஒன்றை எழுதினோம். பதிவெண் ஒத்தால் இருவரும் ஒருவரே எனக் கொள்ளும்படி 'ஈக்குவல்ஸ்' என்பதை எழுதினோமாயினும், அது ஏற்கும் பொருளின் வகையை 'ஆப்ஜெக்ட்' என்னாது 'மாணவர்' என்று குறித்துவிட்டோம். அது மேலெழுதலும் ஆகவில்லை, மறைத்தலும் ஆகவில்லை. அதே பெயருடைய வேறொரு செயற்கூறாய்த் தனியே நின்றது. பட்டியலிலேயே இருந்த மாணவரை இல்லையென்று நிரல் சாதித்தது. ஒரு பிற்பகல் முழுதும் பட்டியலையே ஐயுற்றுக் கழித்தோம்.

2004-இல் வந்த ஜாவா ஐந்தாம் பதிப்பு முதல், செயற்கூற்றின் தலைமேல் 'ஓவர்ரைட்' என்னும் குறிப்பை இட வழியுண்டு. அதனை இட்டிருந்தால், தாயில் இதற்கு இணையானது இல்லையென்று கம்பைலர் அப்போதே மறுத்திருக்கும். ஸ்டாட்டிக் செயற்கூற்றின்மேல் இட்டாலும் அவ்வாறே மறுக்கும்.