கேட்டைப் பார்த்து வீடு வாங்காதீர்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் பல ஆண்டுகள் கட்டட வரைபடம் சொல்லிக் கொடுத்தவன் நான். பகலெல்லாம் சைட்டில் மேற்பார்வை, மாலையில் வகுப்பு. தும்மிக்கொண்டே கோடு போடப் பழகிய பிள்ளைகள் இன்று டெக்னோபார்க்கிலும் வளைகுடாவிலும் சம்பாதிக்கிறார்கள். வீடு வாங்கும் வயது வந்ததும் யோசனை கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள்.

போன மாதம் அப்படி ஒருவன் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை மேஜையில் வைத்தான்.

"சார், பன்னிரண்டு வில்லா. ரெண்டு வரிசை. இருபத்துநாலு மணி நேரமும் செக்யூரிட்டி. டோக்கன் கொடுத்தாச்சு."

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர் எத்தனை இஞ்ச்?"

"அது கேக்கல சார். மாமாவுக்கு அந்த கேட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

வரைபடத்தில் அவன் கை போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. அப்பா சொன்னார் என்று கம்ப்யூட்டருக்குப் போனான். இப்போது மாமனார் சொன்னார் என்று வில்லாவுக்குப் போகிறான். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதலாவது, மூன்று நான்கு செண்ட் வாங்கி நாமே கட்டுவது. தினமும் சைட்டில் போய் நிற்க வீட்டில் ஒருவர் இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆள் துபாயில், வேலை இங்கே என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

இரண்டாவது, ஃபிளாட். அடிக்கடி வீட்டைப் பூட்டிப் போகிறவர்களுக்கு ஏற்றது. லிஃப்ட், தண்ணீர், பராமரிப்புக் கட்டணம், உயரமான கட்டடம் என்றால் தீயணைப்புத் துறையின் சான்று. இவை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மூன்றாவது, பழைய தெரு வீடு. வலியசாலையிலும் கரமனையிலும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள். நான் அப்படி ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். புது ஆள் தெருவுக்குள் கால் வைத்தால் "யாரைத் தேடுறீங்க?" என்று மூன்று குரல் வரும். அந்தக் காவலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. குறையும் உண்டு. வண்டி நிறுத்த இடமில்லை, மச்சு மரத்தாலானது, வயரிங் தாத்தா காலத்தது, பத்திரத்தில் பத்து வாரிசுகள். 2019 மே மாதம் பழவங்காடியில் குடைக்கடை ஒன்று எரிந்தபோது, ஒட்டிக் கட்டிய இடத்தில் தீயை அடக்குவது எவ்வளவு பாடு என்று நகரமே பார்த்தது. வாங்கினால் முதல் செலவு வயரிங்காக இருக்கட்டும். மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் பால் காய்ச்ச வேண்டாம்.

நான்காவதுதான் இன்றைய மோகம். சுற்றுமதில், வளைவு வைத்த வாசல், உள்ளே வரிசையாக ஒட்டிக் கட்டிய வில்லாக்கள்.

பார்த்தால் நம் பழைய கிராமத்துத் தெருவேதான். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து சாலைக் கடைத்தெருவில் சுவரைப் பங்கிட்டுத்தான் வாழ்கிறோம். சுவரைப் பங்கிடுவதில் தப்பில்லை. தெருவின் இறுக்கத்தை வைத்துக்கொண்டு திண்ணையை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக ஒரு கேட்டை நிறுத்தினார்கள், அந்தக் கேட்டுக்கு விலையும் போட்டார்கள். என் வருத்தம் அதில்தான்.

நானே ஒரு வில்லாத் திட்டத்தில் மேற்பார்வை பார்த்தேன். பெயர் வேண்டாம். அஸ்திவாரம் முடியும் முன்பே வாசல் வளைவு எழும்பிவிட்டது, விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். முன்மதில் ஆளுயரம், கிரானைட் ஒட்டியது. பின்மதில் இடுப்பளவு, வெறும் ஹாலோ பிரிக்ஸ். அதற்குப் பின்னால் வாழைத்தோட்டம். மழை ஒழுகாமலிருக்க ஆறு வீட்டு மொட்டை மாடிக்கும் சேர்த்து ஒரே நீளமாக ட்ரஸ் அடித்துத் தகரம் போட்டார்கள். குடிவந்த முதல் ஆண்டில் ஒருவன் வாழைத்தோட்டம் வழியாக வந்து, கடைசி வீட்டு மாடியில் ஏறி, தகரத்துக்கு அடியில் நடந்தே நான்காவது வீட்டுக்குள் இறங்கினான். அந்த நேரம் வாட்ச்மேன் கேட்டில் விழித்துத்தான் இருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, திருடன் கேட்டு வழியாக வரவில்லை.

ஆகவே வில்லா என்றால் மண்ணிலிருந்து தொடங்கி இவற்றைக் கேளுங்கள்.

மண். தமிழில் நிலம் என்றால் எல்லா நிலமும்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் வயல், 'புரயிடம்' என்பதுதான் வீடு கட்டும் மேட்டு மண். பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பொங்கிக் கழக்கூட்டம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தண்ணீர் வாட்ச்மேனிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில்லை. முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), குடிக்கடம் (வில்லங்கச் சான்று), போக்குவரவு (பட்டா மாற்றம்), கரம் தீர்த்த ரசீது (நிலவரி ரசீது) ஆகிய நான்கையும் வக்கீல் பார்க்கட்டும். மாமனார் பார்த்தால் போதாது.

பதிவு. 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, மனை 500 சதுர மீட்டருக்குள் அடங்கினாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோதான் பதிவிலிருந்து விலக்கு. பன்னிரண்டு வில்லா 500 சதுர மீட்டரில் அடங்காது, பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கே-ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை அவர்கள் பொறுப்பு. "மனையைத் தனியாக எழுதித் தருகிறோம், கட்டுவதற்குத் தனி காண்ட்ராக்ட்" என்று ஆரம்பித்தால் உஷாராகுங்கள். பல சமயம் அது இந்தப் பிடியிலிருந்து நழுவும் வழி.

சுவர். நடுச்சுவர் ஒன்பது இஞ்ச் வேண்டும். நாலரை இஞ்ச் என்றால் பக்கத்து வீட்டுத் தாளிப்பின் சத்தம்கூட உங்களுக்கும் உண்டு. அந்தச் சுவர் கூரையோடு நிற்கக் கூடாது, தகரம் வரை ஏறி அதை இரண்டாக அறுக்க வேண்டும். தீக்கும் திருடனுக்கும் அதுதான் தடை.

கான்கிரீட். ஐ.எஸ். 456 தரவிதிப்படி கம்பி போட்ட கான்கிரீட் எம் 20க்குக் குறையக் கூடாது. சங்குமுகம், வேளி போல உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் எம் 30 கேளுங்கள், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் கேளுங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும், பி.பி.சி. (பொசோலானா சிமெண்ட்) என்றால் பத்து நாள். வாடிக்கையாளர் வரும் காலை மட்டும் ஹோஸ் பிடிக்கிற சைட்டுகள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் மதியம் மூன்று மணிக்குப் போய் ஸ்லாபில் கை வையுங்கள். பாத்தி கட்டிய தண்ணீர் நின்றால் நல்ல சைட். உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் நடையைக் கட்டுங்கள்.

கிணறு. கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கட்டட விதி. மூன்று செண்டுக்கு ஒரு வீடும் வீட்டுக்கு ஒரு குழியுமாக அடுக்கினால் அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? வரைபடத்தை விரித்து ஸ்கேல் வையுங்கள்.

காவல். கேட்டில் நிற்பவர் யார் அனுப்பிய ஆள்? தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், காவலருக்குப் பயிற்சி வேண்டும். கேமராப் பெட்டியைக் கேட்டு அறையில் வைத்தால் திருடன் அதையும் எடுத்துப் போவான். அது ஒரு வீட்டுக்குள் இன்வெர்ட்டரோடு இருக்கட்டும். பின்மதில் முன்மதிலின் உயரம் இருக்கிறதா? செங்கல்சூளை தீயணைப்பு நிலையத்திலிருந்து வரும் வண்டி அந்த அழகான வளைவுக்குள் நுழையுமா, உள்ளே திரும்புமா? வளைவை இடித்துக்கொண்டு உள்ளே வர முடியாது. கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு போனபின் காவல் சம்பளம் பன்னிரண்டு வீட்டின் தலையில் விழும். நாலு வீடு பூட்டிக் கிடந்தால் எட்டு வீட்டின் தலையில்.

கடைசியாக, ஒக்குப்பன்ஸி சான்றும் மாநகராட்சி வீட்டுக்குத் தரும் டி.சி. நம்பரும் வராமல் சாவியை வாங்காதீர்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த வில்லாத் திட்டம் இல்லாமலில்லை. அமைந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் நான் கண்டவரை, இவற்றைச் சரியாகச் செய்கிறவர்கள் வாசல் வளைவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பிள்ளைகளே, படிப்பானாலும் வீடானாலும் தேர்வு ஒன்றுதான். நம் சுபாவம் எது என்று முதலில் தெரிய வேண்டும். தனிமை பிடித்தவன் தெரு வீட்டில் மூச்சுமுட்டுவான். பேச்சுத்துணை வேண்டியவன் வில்லாவில் வாடிப்போவான். வேலையை நின்று பார்க்கப் பொறுமை இல்லாதவன் சொந்தமாகக் கட்டினால் கடனாளியாவான். ஊர் வாங்குகிறது என்பதும், மாமனாரின் கௌரவம் என்பதும் உங்கள் இருபது வருடத் தவணையில் ஒரு மாதத்தைக்கூடக் கட்டாது. பொறுமைதான் மலிவான இன்ஜினியர். ஒரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஒரு துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) கழியட்டும். இரண்டு மழையிலும் குடையோடு போய் அந்த மண்ணில் நின்று பாருங்கள். அங்கே கணுக்கால் வரை நனைந்தால், மிச்சம் நனையப்போவது உங்கள் சேமிப்பு.

அந்த மாணவன் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். பின்னால் மழைச் சத்தம்.

"சார், டேப்பு வச்சுப் பாத்துட்டேன். நாலரை இஞ்ச்தான்."

"மாமா என்ன சொல்றாரு?"

"பின்மதில் பக்கம் நிக்கிறாரு சார். சேத்துல செருப்பு மாட்டிக்கிச்சு."