திருநீலகண்டம் – சொல்லும் பொருளும்

ஆண்டிபட்டியை அடுத்த மலையடிவாரத்தில், மாமரத்தடி ஊற்றால் பெயர் பெற்று விளங்குபவர் அருள்மிகு மாவூற்று வேலப்பர். அவர் தந்தையாகிய சிவபெருமானுக்கு உரிய திருநாமங்களுள் ஒன்று திருநீலகண்டர் என்பது. தமிழில் இதனையே மணிமிடற்றண்ணல் என்பர்.

மிடறு

ஒரு மிடறு நீர் என்று இன்று அளவைக் குறிக்க வழங்கும் இச்சொல், முதற்கண் தொண்டையின் பெயராகும். அவ்வழியே ஒருமுறை விழுங்கும் நீரும் பின்னர் அப்பெயரே பெற்றது. உயிரெழுத்துகள் பிறக்குமிடம் மிடறு என்று தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன.

கண்டம்

கண்டம் என்பது வடசொல். துண்டு, நிலப்பகுதி என்னும் பொருளுடைய கண்டமும், சோதிடர் கூறும் ஆபத்தாகிய கண்டமும், கழுத்தைக் குறிக்கும் கண்டமும் வடமொழியில் ஒலிப்பால் வேறுபட்ட மூன்று சொற்கள். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒரே வடிவாயின. நீலகண்டம் என்பதில் உள்ளது கழுத்தே ஆகும்.

நஞ்சு நின்ற இடம்

பாற்கடலில் எழுந்த ஆலகால நஞ்சினை இறைவன் உமிழவும் இல்லை. வயிற்றுக்குள் இறங்கவும் விடவில்லை. உமிழ்ந்தால் உலகம் அழியும். விழுங்கினால் உள்ளிருக்கும் உயிர்கள் அழியும். ஆகவே அது மிடற்றில் நின்றது என்பர் பெரியோர்.

நம் உடலிலும் மிடறு காவல் காக்கும் இடமே. முன்னே மூச்சுக்குழலும் பின்னே உணவுக்குழலும் அமைந்துள்ளன. நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுவழியை மறைத்து உணவைப் பின்வழியே செலுத்துகிறது. சொல் ஒலியாக எழுவதும் அங்குள்ள குரல்வளையிலிருந்தே.

ஒரு சொல்லின் ஆற்றல்

தில்லையில் வாழ்ந்த குயவர் ஒருவர் பரத்தையை நாடிச் சென்று வந்தார். மனம் நொந்த மனைவியார், "எம்மைத் தீண்டாதீர்" எனத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். "எம்மை" என்ற பன்மையால், எப்பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என அவர் உறுதி பூண்டார். அயலார் அறியாதபடி இருவரும் ஓரில்லத்தில் முதுமை வரை அவ்வாணையைக் காத்தனர். அவரே திருநீலகண்ட நாயனார் என்று பெரியபுராணம் போற்றுகிறது.

அம்மையார் தம் துயரை வசையாக ஊரறிய உமிழவில்லை. உள்ளே விழுங்கி வாளாவிருக்கவும் இல்லை. தவற்றைத் தடுத்து நிறுத்தும் ஆணையாக்கினார். சினம் என்னும் நஞ்சு எழும்போது அதனை மிடற்றளவில் நிறுத்தி, நன்மை தரும் சொல்லை மட்டும் வெளியிடுதலே நீலகண்டரை வணங்குவார் கைக்கொள்ளத்தக்க நெறியாகும்.