ஏறும் கியரும் இறங்கும் கியரும்

தோட்டத்து இளைஞர் குழுவொன்று சேமிப்புப் பணத்தில் கெப் வண்டி வாங்க நினைத்தால், ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் எம்மிடம் கேட்கும் முதற் கேள்வி "இதில் எத்தனை குதிரை வலு?" என்பதுதான். விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்வார். அந்தக் கேள்வி பிழையானதல்ல, போதாதது. இன்னும் இரண்டு கேள்விகளை அதன் பக்கத்தில் வைக்க விரும்புகிறோம். எந்தச் சுற்றில் அந்த எஞ்சின் இழுக்கத் தொடங்குகிறது? இறக்கத்தில் எது அந்த வண்டியைப் பிடித்து வைக்கிறது?

யட்டியாந்தோட்டைப் பக்கத்திலோ இறக்குவானைப் பக்கத்திலோ மேல் டிவிசனில் வசிப்பவர்களுக்கு இது வெறும் எஞ்சின் பாடம் அல்ல. 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இன்று நாடெங்கும் உண்டு. என்றாலும் லயத்துக்கும் தார் றோட்டுக்கும் இடையில் கிடக்கும் கல்லுப் பாதையில், மழையிரவில் நோயாளியை ஏற்றி இறக்குவது பல இடங்களில் கொழுந்து ஏற்றும் அதே வண்டிதான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். சில்லு நட்டைக் கழற்றும்போது சாவியின் நுனியில் குழாய் செருகி அழுத்துகிறோம் அல்லவா? அந்தத் திருகும் பலந்தான் முறுக்கம். கராஜில் அதை டோர்க் என்பார்கள். ஒரு மீற்றர் நீளமான சாவியின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் நட்டில் விழும் முறுக்கம் ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர். வலு என்பது அந்த முறுக்கத்தை எவ்வளவு விரைவாகச் சுற்றித் தரமுடியும் என்ற அளவு. முறுக்கத்தை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் வலு கிலோவாட்டில் கிடைக்கும். குதிரை வலு என்ற அளவை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வாட். தமது நீராவி எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்குக் காட்டவே அவர் அதைக் கணக்கிட்டார். ஆகவே அது பிறந்ததே விற்பனைக்காகத்தான். இன்றைய விற்பனையாளரை மட்டும் குறைசொல்ல முடியாது.

இப்போது இரண்டு எஞ்சின்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1990களில் டொயோட்டா ஹைலக்ஸ் கெப்களில் வந்த 3எல் டீசல் எஞ்சின் 2779 கன சென்ரிமீற்றர் கொண்டது. டேர்போ கிடையாது. அதன் உச்ச வலு சுமார் 90 குதிரை, அதுவும் நிமிடத்துக்கு 4000 சுற்றில். உச்ச முறுக்கம் 2400 சுற்றில் 188 நியூட்டன் மீற்றர். 2015இல் வந்த ஹைலக்ஸின் 2.8 லீற்றர் எஞ்சின் 2755 கன சென்ரிமீற்றர்; அதாவது பழையதைவிடச் சற்றுச் சிறியது. கைக்கியர் வண்டியில் அது 1400 சுற்றிலிருந்து 2600 சுற்றுவரை 420 நியூட்டன் மீற்றர் தருகிறது. கணக்குப் போட்டால் 1400 சுற்றிலேயே அதன் வலு 80 குதிரையைத் தாண்டிவிடுகிறது. பழைய எஞ்சின் 4000 சுற்றில் கத்திக்கொண்டு தந்ததைப் புதியது முணுமுணுத்துக்கொண்டே தருகிறது எனலாம்.

இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி டேர்போவின் வேலை. வெளியேறும் புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்ற, அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். மலையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1000 மீற்றர் உயரத்தில் காற்றின் செறிவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டேர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு இளைக்கும். டேர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் நிரப்பிவிடும்.

எமது பாதைக்கு எவ்வளவு முறுக்கம் வேண்டும்? ஐந்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 2800 கிலோ. சரிவுக்கும் கல்லுப் பாதைக்குமாக 6200 நியூட்டன் இழுவை வேண்டும். சில்லின் அரைவிட்டம் 35 சென்ரிமீற்றர் என்றால் சில்லில் தேவைப்படும் முறுக்கம் 2170. முதலாம் கியரும் பின் அச்சும் சேர்ந்து எஞ்சின் முறுக்கத்தைப் 16 மடங்காக்குகின்றன என்றும், வழியில் 15 சதவீதம் வீணாகிறது என்றும் கொண்டால், எஞ்சின் 160 தரவேண்டும். பழைய எஞ்சினிடம் உள்ளதே 188. சுற்றுச் சற்று விழுந்தாலும் அது குறையும். ஆகவே வளைவில் ஒருமுறை நின்றுவிட்டால் சாரதி கிளச்சைத் தேய்த்து, கருகல் மணத்தோடுதான் புறப்படுவார்.

ஆனால் நாலு சில்லும் இழுக்கும் வண்டியில் 'லோ' என்றொரு கியர் உண்டு. அது முறுக்கத்தை மேலும் ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கும். அதே ஏற்றத்துக்கு அப்போது 65 நியூட்டன் மீற்றர் போதும். வேகம் மட்டும் மணிக்கு 20 கிலோமீற்றரிலிருந்து எட்டுக்கு இறங்கும். கல்லுப் பாதையில் எட்டுக்கு மேல் போக யாருக்கு அவசரம்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், புதிய டபள் கெப்பின் விலை எமது குழுக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. லோ கியர் நன்றாக விழும் பழைய கெப் வண்டியை 'வலு குறைவு' என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பது எமது கருத்து.

புதிய எஞ்சினின் குணம் வேறு. அதே ஏற்றத்தை இரண்டாம் கியரில் 280 கொடுத்து ஏறும். இன்னும் 140 கையிருப்பில் இருக்கும். ஆனால் டேர்போ விழிக்கும் முன், 1000 சுற்றுக்குக் கீழே, அதன் இழுவை மெலிந்தது. பழைய டீசலில் பழகியவர் எஞ்சினை முடுக்காமலே கிளச்சை விட்டுவிட்டால் அது திணறி நின்றுவிடும். பிறகு கோபத்தோடு மிதித்தால் முறுக்கம் ஒரேயடியாக வந்து, ஈரக் களிமண்ணில் பின் சில்லு வழுக்கும். சுமையில்லாத பின்பெட்டி என்றால் இன்னும் மோசம். 1500 சுற்றளவில் நிதானமாகப் பிடித்து, கிளச்சை முழுதாக விட்டபின் மிதிக்கப் பழக வேண்டும்.

இனி இறக்கத்துக்கு வருவோம். உண்மையில் இந்தப் பாடத்தை எழுதியதே இதற்காகத்தான். பழைய லொறிச் சாரதிமார் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி: "ஏறுன கியர்லேயே எறங்கணும் தம்பி." அந்தக் கால எஞ்சினுக்கு அது பொன்னான விதி. முதலாம் கியரில் மூச்சுவாங்கி ஏறிய வண்டி, அதே கியரில் இறங்கும்போது எஞ்சினாலேயே பிடித்துவைக்கப்படும்.

டேர்போ வண்டியில் இந்த விதி ஏமாற்றும். ஏறும்போது இழுப்பது எரியும் டீசல். இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்ததும் டீசல் எரிவதில்லை, டேர்போவும் உதவுவதில்லை. பிடித்து வைப்பது எஞ்சினின் உராய்வும் காற்றை உறிஞ்சித் தள்ளும் சிரமமும் மட்டுமே. அது முக்கியமாக எஞ்சினின் கொள்ளளவையும் சுற்றையும் கியரையும் பொறுத்தது. 2779இற்கும் 2755இற்கும் கொள்ளளவில் என்ன வித்தியாசம்? ஏறுவதற்கு இருமடங்குக்கு மேல் பலம் வந்துவிட்டது. இறங்குவதற்கு ஏறக்குறைய பழைய பலந்தான். மூன்றாம் கியரில் சிரித்துக்கொண்டு ஏறியவர் மூன்றாம் கியரிலேயே இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். சுலபமாக ஏறுகிறதே என்று இன்னும் பத்து மூட்டை கொழுந்தையோ இறப்பர்ப் பால் பீப்பாயையோ கூட்டி ஏற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

2800 கிலோ வண்டி 200 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய வெப்பம், 16 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அது முழுதும் நாலு சில்லுகளின் பிரேக்கில் இறங்கினால் முதலில் மணம் வரும், பிறகு பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஈரம் உறிஞ்சியிருந்தால் அது கொதித்துக் குமிழாகி, மிதி தரைவரை போகும். இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். செலவு அதிகமில்லை.

ஆகவே புதிய வண்டிக்கு விதியை மாற்றிச் சொல்கிறோம்: ஏறிய கியரிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைத்து, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். நடுச்சரிவில் கியர் மாற்ற முயன்று நியூட்ரலில் அகப்பட்டால், எஞ்சினின் பிடி முழுதாக விட்டுப்போகும்.

வண்டி பார்க்கப் போகும் குழுவுக்கு ஒரு பயிற்சி. முற்பணம் கொடுப்பதற்கு முன், வண்டியை உங்கள் தோட்டத்து மிகச் செங்குத்தான ஏற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு மண் மூட்டை அடுக்குங்கள். வண்டிப் பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறையைத் தாண்ட வேண்டாம். நடு ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள். பிறகு திரும்பி, பிரேக்கைத் தொடாமல் எந்தக் கியரில் நடைவேகத்தில் இறங்குகிறது என்று இருவர் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பார்க்கலாம்.