மூடிய லூப்பில் என்ன தங்குது? ஒரு அட்டை மில் சொல்லித்தரும் பாடம்

இந்த வாரப் பாடத்துல கோட் இல்லை, தண்ணீர்தான் இருக்கு. ஆனா பிரச்சினை நமக்குப் பழக்கமானது: மெமரி லீக்.

நாம ரீசைக்கிள் பின்னில் போடற பழைய அட்டைப்பெட்டி மில்லுக்குப் போனதும், அதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குவார்கள். மெஷினில் ஏறும்போது அந்தக் கூழில் 100-க்கு 99 பங்கு தண்ணீர். அது சல்லடையில் வடியும், உருளைகளுக்கு நடுவே பிழியப்படும், மிச்ச ஈரம் சூட்டில் காயும். வடிந்த தண்ணீரைத் திரும்பவும் கூழ் கரைக்கப் பயன்படுத்துவார்கள். ஒரு பகுதியை மட்டும் சுத்திகரித்து ஆற்றில் விடுவார்கள். மை நீக்காத ரீசைக்கிள் மில்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் தந்த அளவுகோல், ஒரு டன் காகிதத்துக்கு 1.5 முதல் 10 கன மீட்டர் கழிவுநீர்.

அதைப் பூஜ்யமாக்கினா என்ன? ஜெர்மனியில் கொலோன் நகருக்குத் தென்மேற்கே ட்சூல்பிஷ் என்ற ஊரில் உள்ள அட்டைக் காகித மில் 1970-களிலேயே அதைச் செய்தது. சூட்டில் ஆவியாகும் தண்ணீருக்கு மட்டும் புதுத் தண்ணீர். பிழிந்த பிறகும் காகிதத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், அதனால ஒரு டன்னுக்குச் சுமார் 1 கன மீட்டர் போதும். கேக்க அருமையா இருக்குல்ல?

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரில் 1 யூனிட் அழுக்கு சேருதுன்னு வைங்க. சுற்று முடிவில் தண்ணீரில் 10 சதவீதத்தை வெளியே விட்டா, அழுக்கு 10 யூனிட் வரை ஏறி அங்கேயே நிற்கும். அந்தப் 10-ல் 10 சதவீதம் 1 யூனிட். சேருவதும் போவதும் சமம். வெறும் 1 சதவீதம் வெளியே விட்டா, 100 யூனிட்டில்தான் நிற்கும். கதவை எவ்வளவு சாத்தறீங்களோ, உள்ளே அவ்வளவு குவியும். ஒரு ஃபார் லூப் எழுதி ஓட்டிப் பாருங்க, புரிஞ்சிடும்.

குவிவது என்ன? முக்கியமா, அட்டைக்கு உறுதி தர சேர்த்த மாவுச்சத்து. வெதுவெதுப்பான தண்ணீர், நிறைய மாவு: பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து! அவை மாவைத் தின்று அமிலத்தை விடும். அமிலம் காகிதத்தில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்த சுண்ணாம்பு வேறெங்காவது குழாயில் படிந்து அடைக்கும். காற்றில்லாத மூலைகளில் வேறு வகை பாக்டீரியா, சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆனா ஆளையே கொல்லும். தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ட்சூல்பிஷ்ஷிலும் நாற்றம் பெரிய தலைவலியானது. ஆற்றைக் காப்பாற்றின அதே முடிவு, பிரச்சினையை மில்லுக்குள்ளே கொண்டுவந்துவிட்டது.

1995-ல் அவங்க லூப்பைத் திறக்கலை. லூப்புக்குள்ளேயே ஒரு சிறுநீரகத்தை வைத்தார்கள். உண்மையிலேயே இந்தத் துறையில் அதை அப்படித்தான் சொல்றாங்க. சுற்றும் தண்ணீரில் ஒரு பகுதி முதலில் காற்றுப் புகாத தொட்டிக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அது மில்லுக்கு எரிபொருள். அடுத்த தொட்டியில் காற்று ஊதி மிச்சத்தை முடிப்பார்கள். தண்ணீர் திரும்ப மெஷினுக்கு. கவனிச்சீங்களா? பாக்டீரியாவை ஒழிக்கலை. மெஷின் முழுக்க நடந்துகொண்டிருந்த வேலையை, அதுக்குன்னு கட்டின இடத்துக்கு மாற்றினாங்க. நம்ம பாஷையில் சொன்னா, இது கார்பேஜ் கலெக்டர்.

ஆனா கலெக்டர் எல்லாத்தையும் எடுக்காது. உப்பை பாக்டீரியா தின்னாது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு காகிதத்திலேயே தங்கி, பெட்டியாகி வெளியே போகும். கூழிலிருந்து பிரித்த பிளாஸ்டிக், டேப், கம்பி எல்லாம் லாரியில் போகும். படிந்த சுண்ணாம்பையும் அள்ளித்தான் ஆகணும். பூஜ்யம் என்பது கழிவுநீர்க் குழாய்க்கு மட்டும்தான்.

அதனாலதான் ஒரு மில்லின் சுற்றுச்சூழல் பொறுப்பாளர் கடைசிக் குழாயை மட்டும் பார்த்தா போதாது. தண்ணீரின் அமிலத்தன்மை, உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இதையெல்லாம் லூப்புக்குள்ளேயே தொடர்ந்து அளக்கணும்.

வீட்டுப்பாடம்: உங்க ஊரில் 'ஜீரோ டிஸ்சார்ஜ்'னு விளம்பரம் செய்யும் ஒரு ஆலையை எடுத்துக்கோங்க. உள்ளே வருவதெல்லாம் எந்தக் கதவால் வெளியே போகுதுன்னு ஒரு தாளில் வரைங்க. ஏதாவது ஒன்றுக்குக் கதவே கிடைக்கலைன்னா, அது உள்ளேதான் குவியுது. படத்தை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.